நடுச்சரணம் இல்லாத பாட்டு

1857 ஆகஸ்ட் 20 அன்று பாரீஸ் நீதிமன்றம் சார்ல் போதலேருக்கு 300 பிராங்க் அபராதம் விதித்தது. 'தீமையின் மலர்கள்' தொகுப்பில் ஆறு கவிதைகள் ஒழுக்கத்துக்குக் கேடு என்று சொல்லி அவற்றை நீக்கவும் உத்தரவிட்டது. நான்கு நாள் கழித்து ஒரு சிறு பத்திரிகையில் அவருடைய உரைநடைக் கவிதைகள் சில வெளிவந்தன. அவற்றில் ஒன்றின் தலைப்பு 'பயணத்துக்கு அழைப்பு'. அதற்குள் ஓர் ஆதங்கம் கேள்வியாக வருகிறது. நடனத்துக்கு அழைக்கும் இசை ஏற்கெனவே இருக்கிறது. காதலியின் கையில் கொடுக்கிற மாதிரிப் பயணத்துக்கு அழைக்கும் இசையை எந்தப் புண்ணியவான் எழுதுவான் என்பது அதன் சாரம். நடன இசை என்று அவர் சொன்னது ஜெர்மானியர் வெபர் 1819-இல் பியானோவுக்கு எழுதியதை. பிற்பாடு பெர்லியோஸ் அதை வாத்தியக் குழுவுக்கு மாற்றி எழுதினார். பாரீஸில் அதைக் கேட்காத காது கிடையாது.

அதே தலைப்பில் செய்யுளாக ஒரு கவிதையையும் போதலேர் அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தார். 1855 ஜூன் முதல் தேதி ஒரு பெரிய பத்திரிகையில் அவருடைய 18 கவிதைகள் ஒருசேர வந்தபோது அதுவும் இருந்தது. பிறகு தொகுப்பிலும் இடம்பெற்றது. நீதிமன்றம் தொட்ட ஆறில் அது இல்லை. தொகுப்பிலேயே ரொம்பச் சாதுவான கவிதை என்று சொல்லலாம். காதலியைக் குழந்தையாகவும் உடன்பிறந்தவளாகவும் பாவித்துப் பேசுகிறான் ஒருவன். உன்னைப் போலவே இருக்கும் ஒரு நாடு உண்டு, அங்கே போய்ச் சேர்ந்து வாழலாம் வா என்கிறான். முதல் சரணத்தில் அந்த நாட்டின் வானம்: ஈரம் படிந்த சூரியன், மங்கிய வெளிச்சம், கண்ணீருக்குள் மின்னும் அவள் கண்களைப் போல. இரண்டாவது சரணத்தில் அவர்கள் வாழப்போகிற அறை: ஆண்டுகள் தேய்த்துப் பளபளப்பாக்கிய மரச்சாமான்கள், அபூர்வமான பூக்கள், அம்பர் வாசனை, ஆழமான கண்ணாடிகள், கீழைநாட்டுப் பகட்டு. மூன்றாவதில் வெளியே கால்வாய்கள்; உலகத்தின் கடைக்கோடியிலிருந்து அவளுடைய சின்னச் சின்ன ஆசையைத் தீர்க்க வந்து உறங்கும் கப்பல்கள்; மாலைச் சூரியன் ஊரையே பொன்னில் போர்த்துகிறது. ஒவ்வொரு சரணம் முடியும்போதும் அந்த நாட்டின் சீரையும் நிம்மதியையும் சுகத்தையும் சொல்லும் ஈரடி ஒன்று பல்லவி மாதிரித் திரும்பி வரும்.

யாருக்காக எழுதினார்? மரி தோப்ரன் என்ற நடிகைக்காக என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. கவிதை அச்சான அதே 1855-இல், ஆகஸ்டில், ஒரு நாடகத்தில் அந்த நடிகைக்கு வேஷம் கேட்டு எழுத்தாளர் ஜார்ஜ் சாந்துக்குப் போதலேர் கடிதம் எழுதியிருக்கிறார். ஜார்ஜ் சாந்தை அவருக்கு அறவே பிடிக்காது. பின்னாளில் தன் குறிப்பேடுகளில் அந்த அம்மாளைத் திட்டித் தீர்த்தவர். அப்பேர்ப்பட்டவர் பணிந்து எழுதினார். வேஷம் கிடைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் மரி, போதலேரின் நண்பரான கவிஞர் பான்வில்லுடன் போய்விட்டார்.

அந்தக் கனவு நாடு ஹாலந்து என்பது உரைநடை வடிவத்தைப் படித்தால் தெளிவாகத் தெரியும். எழுதும்போது போதலேர் அந்த நாட்டைப் பார்த்தவர் அல்ல. அவர் பார்த்த தூரதேசம் வேறு. ஊதாரித்தனம் தாங்காமல் 1841-இல் மாற்றாந்தந்தை அவரைக் கல்கத்தா போகும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். மொரிஷியஸ் தீவிலும் அடுத்திருந்த பூர்போன் தீவிலும் இறங்கியதோடு சரி. அதற்கு மேல் மாட்டேன் என்று அடம்பிடித்துத் திரும்பிவிட்டார். கல்கத்தாவையும் காணவில்லை, நம் கரையையும் காணவில்லை. ஆனால் அந்தத் தீவுகளில் நம் ஆட்கள் இருந்தார்கள். தமிழர் உட்படத் தென்னிந்தியர் எல்லோருக்கும் அங்கே 'மலபார்' என்றே பெயர். 'ஒரு மலபார்ப் பெண்ணுக்கு' என்று இன்று வழங்கும் போதலேரின் கவிதை 1846-இல் வெளிவந்தது. அதில் சொல்வது 'பயணத்துக்கு அழைப்பு'க்கு நேர்மாறு: பிரான்ஸ் பிரான்ஸ் என்று ஏன் ஏங்குகிறாய் பெண்ணே, அந்தக் குளிரும் சேறும் உனக்கு எதற்கு, இங்கேயே இரு. ஒருத்தியைப் பயணம் போகாதே என்று தடுத்த அதே ஆள்தான் இன்னொருத்தியை வா போகலாம் என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், போதலேருக்குப் பயணத்தைவிடப் பயணத்தைப் பற்றிய ஆசை சொல்வதே பிடித்த வேலை என்று தோன்றும்.

செய்யுளின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாட்டின் கதைக்கு அது தேவை. பிரெஞ்சுச் செய்யுளில் பெரும்பாலும் 12 அசை, 10 அசை, 8 அசை என்று இரட்டைப்படைதான். இந்தக் கவிதை ஒற்றைப்படையில் நடக்கிறது: இரண்டு ஐந்தசை வரி, ஒரு ஏழசை வரி, மறுபடி இரண்டு ஐந்து, ஒரு ஏழு. இப்படிச் சரணத்துக்கு 12 வரி, கூடவே திரும்பி வரும் ஈரடி. வாய்விட்டுப் படித்தால் தொட்டில் ஆட்டுகிற நடை கேட்கும். ஒரு இசைக்காரன் கண்ணில் பட்டால் விடுவானா? ஆனால் அதில் ஆபத்தும் உண்டு. ஒரே அளவில் மூன்று சரணம், மூன்று தடவை அதே ஈரடி. அப்படியே மெட்டுப் போட்டால், அந்தக் காலத்துப் பாரீஸ் வரவேற்பறைகளில் மலிந்து கிடந்த 'ரொமான்ஸ்' பாட்டாகிவிடும்.

ரொமான்ஸ் என்பது எளிய சங்கதி. ஒரு மெட்டு, எத்தனை சரணம் இருந்தாலும் அதே மெட்டு, வீட்டுப் பெண்கள் பியானோவில் நாலு கார்டு வாசித்துக்கொண்டே பாடலாம். 1830-களில் ஷூபர்ட்டின் ஜெர்மன் பாட்டுகள் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் பாரீஸுக்கு வந்து சேர்ந்தன. பியானோ வெறும் பக்கத்துணையாக இல்லாமல் கவிதையின் பாதி அர்த்தத்தைத் தானே சொல்லும் என்பதை அங்கே பலரும் அப்போதுதான் கேட்டார்கள். அதன் பிறகு மெல்ல வளர்ந்ததுதான் 'மெலொடி' எனப்படும் பிரெஞ்சுக் கலைப்பாட்டு: பெயர் பெற்ற கவிஞரின் கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ, மூன்று நான்கு நிமிஷம். பெர்லியோஸ் 1841-இல் தேயோஃபில் கோத்தியேயின் கவிதைகளுக்கு இசை அமைத்தார். கூனோ, பிஸே, சேன்-சான்ஸ் எல்லோரும் எழுதினார்கள். நல்ல பாட்டுகள்தான். இருந்தாலும் ரொமான்ஸின் வாசனை முற்றாகப் போய்விடவில்லை. போதலேர் பக்கம் அதுவரை பெரிய இசைஞர்கள் அவ்வளவாகத் திரும்பவும் இல்லை.

போதலேருக்கோ இசை என்றால் வாக்னர்தான். 1860 தொடக்கத்தில் வாக்னர் பாரீஸில் நடத்திய கச்சேரிகளைக் கேட்டுவிட்டு, முன்பின் அறிமுகம் இல்லாமலே அவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு 'டான்ஹாய்ஸர்' இசைநாடகத்தைச் செல்வந்தர் சங்கத்து ஆட்கள் விசிலடித்துக் கலைத்து மூன்றே காட்சிகளோடு மூட்டைகட்ட வைத்தபோது, வாக்னருக்காக ஒரு முழுக் கட்டுரை எழுதி வாதாடியவரும் போதலேர்தான். அந்த ரசனைக்கு ஏற்ற இசைஞன் ஒருவன் தன் கவிதைக்கு வந்து சேர்வதை அவர் பார்க்கவில்லை. 1866-இல் பெல்ஜியத்தில் விழுந்தார், பேச்சு போயிற்று, 1867 ஆகஸ்ட் 31 அன்று இறந்தார். உரைநடைக் கவிதைகள் முழுத் தொகுப்பாக வந்தது அவர் போன பிறகு, 1869-இல். அந்த ஆதங்கக் கேள்வியும் அப்போதுதான் புத்தகமாக எல்லோர் கைக்கும் வந்தது.

அடுத்த ஆண்டே இரண்டு பேர் பதில் எழுதினார்கள்.

ஒருவர் எம்மானுயேல் ஷாப்ரியே. பகலில் உள்துறை அமைச்சகத்தில் குமாஸ்தா, மற்ற நேரத்தில் பியானோ. பின்னாளில் 'எஸ்பான்யா' எழுதிப் புகழ்பெறப் போகிறவர். அவர் 1870-இல் இந்தக் கவிதைக்கு இசை அமைத்தபோது குரலுக்கும் பியானோவுக்கும் நடுவே பஸூன் என்ற அடித்தொண்டைக் குழல்வாத்தியம் ஒன்றையும் சேர்த்தார். காதலியை அழைக்கிற பாட்டில் பஸூன்! ஷாப்ரியேயின் குறும்பு அது. கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, குழைவும் இருக்கிறது. ஆனால் அவர் காலத்தில் அது அலமாரியிலேயே கிடந்தது. காரணம் இன்னொருவர், அவருடைய நண்பர், அதே ஆண்டு அதே கவிதைக்கு எழுதியது.

அந்த இன்னொருவர் ஆன்ரி துபார்க். 1848 ஜனவரியில் பாரீஸில் பிறந்தவர். அப்போது வயது 22. சட்டம் படித்தவர். வோழிரார் பகுதியில் இருந்த இயேசு சபைப் பள்ளியில் படிக்கும்போது அங்கே பியானோ சொல்லிக்கொடுத்த ஸெஸார் ஃபிராங்கிடம் மாட்டிக்கொண்டவர். ஃபிராங்க் சேன் க்ளோத்தீல்த் தேவாலயத்தின் ஆர்கன் வாசிப்பாளர். அவரைச் சுற்றிச் சேர்ந்த சீடர் கூட்டத்தில் துபார்க்தான் மூத்தவர்களில் ஒருவர். பிற்காலத்தில் ஃபிராங்க் தன் ஒரே சிம்பொனியை இந்தச் சீடருக்குத்தான் காணிக்கையாக்கினார் என்பதிலிருந்து வாத்தியார் மனசில் அவருக்கு என்ன இடம் என்று தெரியும். துபார்க் ஜெர்மனிக்குப் போய் வாக்னரின் இசைநாடகங்களையும் கேட்டு வந்தவர்.

இதற்கு முன் ஐந்து பாட்டுகளை அச்சிட்டிருந்தார். அவற்றில் 'சோகப் பாட்டு', 'பெருமூச்சு' இரண்டையும் பிறகு திருத்தி வைத்துக்கொண்டார். மற்ற மூன்றையும் தன் பிள்ளைகளே இல்லை என்று கைகழுவிவிட்டார். இருபது வயதில் எழுதியதை அறுபது வயதில் வெறுப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். துபார்க்கின் விஷயம் அப்படி இல்லை. அழிப்பது அவருக்கு வேலையின் ஒரு பகுதி. எழுதுவதற்குச் சமமாக அதையும் செய்தார். 'பயணத்துக்கு அழைப்பு' பிறந்ததே அதில்தான்.

நடுச்சரணத்தை எடுத்துவிட்டார். அந்த அறை, பூக்கள், கண்ணாடிகள், அம்பர், கீழைநாட்டுப் பகட்டு, கூடவே அதன் ஈரடி, ஆக 14 வரி. மீதி 28 வரிக்கு மட்டும் இசை.

போதலேர் அன்பர்கள் சிலருக்கு இது இன்றும் உறுத்தும். நியாயம்தான். கவிதையில் நடுச்சரணம்தான் காதலர்கள் உள்ளே நுழைகிற இடம். வானத்தைப் பார்த்தார்கள், வீட்டுக்குள் வந்தார்கள், பிறகு சன்னல் வழியாகக் கால்வாயைப் பார்த்தார்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. துபார்க்கின் பாட்டில் வீடு கிடையாது. வானம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கப்பல் இருக்கிறது. இறங்கிப் போய்த் தங்க ஓரிடம் இல்லை. அதனால் கவிதையில் பாதி நிறைவேறிவிட்ட கனவு, பாட்டில் கடைசிவரை அழைப்பாகவே நிற்கிறது. அழைக்கிறவன் இன்னும் அவளுடைய பதிலைக் கேட்கவில்லை. என் கணக்கில் தலைப்புக்கு நியாயம் செய்தது கவிதையைவிடப் பாட்டுதான். கட்டில் மேசை பற்றிய விவரங்களைப் பாடவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும்.

இசைக்காரனின் கணக்கும் இதில் உண்டு. மூன்று சரணம் என்றால் ஒரே மெட்டைத் திருப்பிச் சொல்கிற ரொமான்ஸ். ஒரே சரணம் என்றால் ஈரடி திரும்பி வருகிற சுகம் போய்விடும். இரண்டு என்றால், முதல் தடவை ஒரு மாதிரியும் இரண்டாம் தடவை வேறு மாதிரியும் சொல்லலாம். நடுவில் என்ன மாறியது என்பதே பாட்டின் கதை ஆகிவிடும்.

எப்படி மாற்றினார் என்று பார்ப்போம். தொடக்கம் ஸி மைனர், 6/8 தாளம். இடது கை அடியில் ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. தம்பூரா மாதிரி அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும். வலது கையில் பதினாறாம் சுரங்கள் ஒரே அச்சில் மெல்ல அலைகின்றன, வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. மேலே குரல் அதிகம் தாவாமல், கிட்டத்தட்டப் பேசுகிற சுருதியில் அழைக்கிறது. கீழே ஆதாரம் நகராமல் நிற்க, மேலே சுரக்கூட்டுகள் மட்டும் நிறம் மாறுகின்றன. வாக்னரிடம் பாடம் கேட்டவர் என்பது இங்கே தெரியும். ஆனால் வாக்னர் என்றால் அந்த நகர்வு வளர்ந்து வளர்ந்து எங்கோ உச்சத்தில் போய் முட்டும். துபார்க் ஆதாரத்தை விடுவதில்லை. கிளம்பலாம் கிளம்பலாம் என்று மேலே சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே நங்கூரம் எடுக்கப்படவில்லை.

முதல் ஈரடி வரும்போது அலை அடங்கிவிடுகிறது. பியானோ நீண்ட கார்டுகளில் நின்றுவிடும். குரல் ஒரே சுரத்தை ஒட்டியே, மிக மெல்ல, மந்திரம் சொல்வதுபோல் அந்த வரிகளைச் சொல்லிவிட்டுப் போகும். பிரெஞ்சுப் பாட்டு பயிலும் மாணவர்கள் திணறுகிற இடம் இது. மெட்டே இல்லாத மாதிரி இருக்கும் ஓரிடத்தில் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பலர் எதையாவது செய்து கெடுப்பார்கள். எதுவும் செய்யாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கே அது பலிக்கும்.

பிறகு கால்வாய்ச் சரணம் முதல் மெட்டிலேயே தொடங்கும். சரி, ரொமான்ஸ்தான் போலிருக்கிறது என்று கேட்பவர் நினைக்கும் சமயத்தில் மாலைச் சூரியன் வந்துவிடும். தாளம் 9/8 ஆகிறது. ஓட்டம் கொஞ்சம் கூடுகிறது. மைனர் விலகி ஸி மேஜர் வெளிச்சம் வருகிறது; பியானோ இரண்டு கையாலும் சுரங்களை விரித்து வாசிக்கிறது. இரண்டாவது ஈரடி இந்த வெளிச்சத்தின் மேலேயே வருகிறது. முதல் தடவை பியானோ நின்றபோது சொன்ன வார்த்தைகள், இப்போது பியானோ நகர்ந்துகொண்டிருக்கும்போது. சொல் ஒன்று, பொருள் வேறு. முன்பு நினைப்பாக இருந்தது இப்போது கண்ணெதிரே தெரிகிறது. அந்த அறைச் சரணம் நடுவில் இருந்து மூன்று ஈரடி வந்திருந்தால் இந்தத் திருப்பத்துக்கு இவ்வளவு வலு இருந்திருக்காது. முழுப் பாட்டும் நாலு நிமிஷத்துக்குச் சற்று மேல்.

1870 என்ற ஆண்டையும் மறந்துவிடக் கூடாது. ஜூலை 19-ஆம் தேதி பிரான்ஸ் பிரஷ்யா மீது போர் தொடுத்தது. செப்டம்பர் தொடக்கத்தில் செதானில் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே பிடிபட்டார். 19-ஆம் தேதி பாரீஸ் முற்றுகை ஆரம்பித்தது. அடுத்த ஜனவரி கடைசிவரை நீடித்தது. துபார்க்கும் படையில் பணியாற்றினார். வெளியே போக ஒரே வழி பலூன். அமைச்சர் கம்பெத்தாவே அக்டோபர் 7 அன்று பலூனில் ஏறித்தான் நகரைவிட்டுத் தப்பினார். தபாலும் பலூனில்தான் போயிற்று. டிசம்பர் கடைசியில் உணவுக்கு வழியில்லாமல் விலங்குக்காட்சிச் சாலையின் இரண்டு யானைகளையும் சுட்டுக் கறியாக விற்றார்கள். அப்படிப்பட்ட ஆண்டின் தேதியைத் தாங்கி நிற்கிறது இந்தப் பாட்டு. அதே காலத்தில் துபார்க் எழுதிய இன்னொரு பாட்டு, கோத்தியே கவிதைக்கு அமைத்தது, போருக்குப் போனவனுக்காகக் கோபுரத்தில் காத்திருக்கும் பெண்ணைப் பற்றியது. அதில் போர் வெளிப்படையாக இருக்கிறது. இதில் அதன் சுவடே இல்லை.

போர் முடிகிற கையோடு, 1871 பிப்ரவரி 25 அன்று, சேன்-சான்ஸும் பாட்டு வாத்தியார் ரொமேன் பூஸீனும் முன்னின்று தேசிய இசைச் சங்கம் தொடங்கினார்கள். பிரெஞ்சு இசைக்கு மேடை வேண்டும் என்பது நோக்கம். ஃபிராங்க், ஃபோரே, மாஸ்னே, துபார்க் எல்லோரும் அதில் ஆரம்பகால உறுப்பினர்கள். பிரெஞ்சுக் கலைப்பாட்டு வரவேற்பறையிலிருந்து கச்சேரி மேடைக்கு ஏறியதில் இந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காதில் விழுந்த போதலேர் மற்றவர்களையும் இழுத்தார். ஃபோரே எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று போதலேர் கவிதைகளுக்கு இசை அமைத்தார். 1887-க்கும் 1889-க்கும் இடையே துபுஸ்ஸி ஐந்துக்கு அமைத்தார். அவை பாடுவதற்கும் வாசிப்பதற்கும் மகா கடினம். ஆனால் போதலேரை இசையில் கேட்க வேண்டும் என்றால் இன்றும் முதலில் நீட்டப்படுவது 22 வயதுப் பையன் எழுதிய இந்த ஒன்றுதான்.

அதே 1871-இல் துபார்க்குக்குக் கல்யாணம். பெண் எல்லி மக்ஸ்வீனி, பெயரிலேயே அயர்லாந்து தெரிகிறது. 'பயணத்துக்கு அழைப்பு' அச்சுப் பிரதியின் தலைப்பில் 'திருமதி ஆன்ரி துபார்க்குக்கு' என்று காணிக்கை இருக்கிறது. காதலியின் கையில் கொடுக்கிற மாதிரி ஓர் இசை வேண்டும் என்று போதலேர் கேட்டிருந்தார். எழுதியவன் அதைக் கட்டிய மனைவியிடமே கொடுத்துவிட்டான். மரி தோப்ரனுக்காக எழுதியது எல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. போதலேர் இருந்திருந்தால் அந்தக் குடும்பப் பாங்கைக் கண்டு சிரித்திருப்பார்.

அதன் பிறகு துபார்க்கின் கதை சுருக்கமானது, துயரமானதும்கூட. அடுத்த பதினாலு வருஷத்தில் எழுதியது மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் ஆண்டுக்கணக்கில் வைத்துத் தேய்ப்பார். 1882-இல் லெகோந்த் த லீல் கவிதைக்கு 'ஃபிதிலே'. 1884-இல் முடித்த 'முற்பிறவி'தான் அவருடைய கடைசிப் பாட்டு. அதுவும் போதலேர் கவிதைக்கே. கிடைத்திருப்பவற்றில் போதலேர் கவிதைக்கு அமைத்தவை இந்த இரண்டுதான். 1885-இல், 37 வயதில், இசை எழுதுவதை நிறுத்திவிட்டார். நரம்புத்தளர்ச்சி என்று அன்றைய வைத்தியர்கள் பெயர் வைத்தார்கள். மார்ன்-லா-கொக்கெத் என்ற சிற்றூரில் மேயராகக்கூட இருந்தார். நீர்வண்ண ஓவியம் வரைந்தார். பிறகு பார்வையும் போயிற்று. இறந்தது 1933-இல், மோன்-த-மர்சானில். எழுதாமல் வாழ்ந்த காலம் 48 வருஷம். எழுதிய காலத்தைப் போல மூன்று மடங்கு.

எழுதவில்லையே தவிர, கை சும்மா இருக்கவில்லை. பழைய பாட்டுகளைத் திருத்தினார். 'பயணத்துக்கு அழைப்பு' உள்ளிட்ட சிலவற்றை வாத்தியக் குழுவுக்கு மாற்றி எழுதினார். குழுவோடு கேட்பது இதமாக இருக்கும்; ஆனால் பியானோவின் அந்தச் சன்னமான அசைவு வயலின்களில் கரைந்து பூசினாற்போல் ஆகிவிடுவதால் எனக்குப் பியானோவே போதும். மீதி நேரத்தில் கிழித்தார். புஷ்கினை வைத்து 'ரூஸால்கா' என்று ஒரு இசைநாடகம் பல வருஷம் எழுதிக்கொண்டிருந்தார், அதை அழித்துவிட்டார். கடிதங்கள், வரைவுகள் பலவும் போயின. 1922-இல், தான் மகன் மாதிரி நினைத்த, கடற்படை அதிகாரியும் இசை எழுதுகிறவருமான ழான் க்ராவுக்குத் துபார்க் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இருபது வருஷத்துக்கு முன் கடவுள் தன்னை உள்ளுக்குள் முழுக்க மாற்றிவிட்டதாகவும், அந்தப் புது வாழ்வோடு சம்பந்தமில்லாத இசைநாடகம் இருக்க வேண்டிய அவசியமில்லை என்றும், அழித்ததற்காக வருத்தமில்லை என்றும் சொல்கிறார். தீவிரக் கத்தோலிக்கராகிவிட்டிருந்தார், கவிஞர்கள் க்ளோதெல், ஃபிரான்ஸிஸ் ழாம் ஆகியோரின் நட்பு அந்தக் காலத்தில்தான்.

இதை நோயின் வேலை என்று சொல்லி முடிப்பது வழக்கம். நோய் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் 22 வயதில் உடம்பு நன்றாக இருந்தபோதே போதலேரின் 14 வரியை ஒரே வெட்டில் எடுத்தவர் அவர். போதாது என்று தோன்றினால் சேர்க்கிற இசைஞர்கள் உண்டு. அதிகம் என்று தோன்றினால் குறைக்கிறவர்கள் உண்டு. துபார்க் இரண்டாவது ரகம். அந்தக் குணம் கவிதையில் வேலை செய்தபோது ஒரு பாட்டு கிடைத்தது; தன்மீதே திரும்பியபோது ஒரு வாழ்நாளின் உழைப்பு போயிற்று. இரண்டுக்கும் ஒரே கத்திதான்.

மிச்சம் இருப்பது, கைகழுவியவை உட்பட, மொத்தம் 17 பாட்டு. இவ்வளவு சிறிய மூட்டையோடு பிரெஞ்சு இசையின் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் வேறு யாரும் இல்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பாடகர் ஷார்ல் பான்ஸேரா, மனைவி மக்தலேன் பியானோ வாசிக்க, துபார்க்கின் பாட்டுகளை இசைத்தட்டில் பாடினார். அவரிடம் இளவயதில் பாட்டு கற்ற ரோலான் பார்த் பிற்பாடு பெரிய சிந்தனையாளராகி, குரலின் தன்மை பற்றிக் கட்டுரை எழுதியபோது பான்ஸேராவையே எடுத்துக்காட்டினார். மேகி டெய்ட், ஜெரார் ஸூஸே, ஜெஸ்ஸி நார்மன் என்று பாடியவர் பட்டியல் நீளும். உயர்குரலுக்கு எழுதியதைச் சுருதி இறக்கித் தாழ்குரலுக்கும் அச்சிட்டிருப்பதால் ஆண், பெண் எவரும் பாடலாம், பாடுகிறார்கள்.

துபார்க் ஒதுக்கிவைத்த அந்த மூன்று இளமைப் பாட்டுகளும்கூட இப்போது கிடைக்கின்றன. அவர் ஏற்றுக்கொண்ட பாட்டுகள் மட்டுமே வழக்கமான தொகுப்பில் இருக்கும். ஆனால் மூன்றும் முன்பே அச்சாகி, விற்பனையாகி, யார் யார் வீட்டு அலமாரிகளிலோ போய்ச் சேர்ந்துவிட்டன. அங்கெல்லாம் போய்க் கிழிக்க அவரால் முடியவில்லை. 'முழுத் தொகுப்பு' என்று போட்டு வரும் குறுந்தட்டுகளில் அவற்றையும் சேர்த்தே பதிவு செய்கிறார்கள். கேட்டுப் பார்த்தால், மூன்றில் இரண்டைப் பொறுத்தவரை துபார்க் சொன்னது சரி.